தொட்டிற் காப்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஜகத்தையெல்லாம் காக்கும் எம்பெருமான், தன்னைப் பிறர் காக்கும்படியாகக் கிடந்த இடம் ஒன்று உண்டு என்றால் அது தொட்டிலேயாகும். திருப்பாற்கடலில் அரவணைமேல் கண்வளரும்போது அவனுக்குக் காவல் வேண்டியதில்லை. கோகுலத்திலோ பசித்தால் அழ வேண்டியவனாயும், குளிர்ந்தால் போர்த்தப்பட வேண்டியவனாயும், எறும்பு ஊர்ந்தாலும் தட்டிவிட அறியாதவனாயும் அவன் கிடந்தான். இந்த ஸௌலப்யத்தில் ஆழங்கால்பட்டவர் பெரியாழ்வார். தம்மை யசோதைப் பிராட்டியாகவே பாவித்து அவர் அருளிச்செய்த திருமொழியில் முதற்பத்துத் தாலாட்டு யாவரும் அறிந்ததே. பிரமன் பொற்றொட்டில் அனுப்பினான், மற்றைத் தேவர்கள் ஆபரணங்கள் அனுப்பினார்கள் என்று அங்கே வைபவம் பேசப்படுகிறது. ஆனால் அதே முதற்பத்தின் தொடக்கத் திருமொழியில் வேறொரு தொட்டில் இருக்கிறது. படுக்கவிட்டால் தொட்டில் கிழிந்துபோகுமாறு பிள்ளை உதைக்கிறான், எடுத்து இடுப்பில் வைத்தாலும் தாங்க முடியவில்லை, இவனோடு தான் மெலிந்துபோனேன் என்று தாய் அலுத்துக்கொள்கிறாள். கிழியக்கூடிய தொட்டில் பொன்னாலும் மரத்தாலும் ஆனதாக இருக்க இயலாது, அது துணித்தொட்டில். ஆய்ச்சியர் வீட்டில் உண்மையாக இருந்தது நம் வீடுகளில் உள்ள தூளிதான் என்று கொள்ள இடமுண்டு. தேவர்கள் அனுப்பிய தொட்டில் ஏற்றத்தைக் காட்டுவது. இரவில் ஆடிய தொட்டில் இதுவே.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களில் பத்துப் பருவங்களின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலாவது காப்பு, தால் எனப்படும் தாலாட்டு மூன்றாவது. காவல் உறுதியான பின்பே உறக்கம் என்பது அவ்வரிசையின் உட்கருத்து. ஆழ்வாரும் இரண்டாம் பத்தில், அந்திவேளையில் வெளியே நிற்கும் கண்ணனைக் காப்பிட வருமாறு அழைக்கும் திருமொழி ஒன்றைத் திருவெள்ளறை எம்பெருமான் விஷயமாக அருளியிருக்கிறார். கோயில்களில் அந்திப்போதில் நடக்கும் திருவந்திக்காப்பு இந்தத் தாயுள்ளத்தின் வெளிப்பாடேயாகும். உற்சவத்தில் எழுந்தருளி வரும் பெருமாளுக்குத் தீபம் சுற்றித் திருஷ்டி கழிப்பதைக் காணும் தாய்மார்கள், தம் மடியில் உறங்கும் சிசுவுக்கு அந்தி கழிந்தபின் விடியும்வரை என்ன காப்பு என்று சிந்திப்பது உசிதம். அதை விளக்குவதற்கே இக்கட்டுரை.

ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தின் ஆறாவது அத்தியாயத்தில் பூதனையின் கதை வருகிறது. பூதனை மாண்டபின் கோபிகைகள் குழந்தையை எடுத்து, பசுவின் வாலைச் சுற்றித் திருஷ்டி கழித்து, பன்னிரு திருநாமங்களால் பன்னிரு அங்கங்களுக்கும் ரக்ஷை இட்டார்கள். கேட்டுப் பழகிய கதைதான். ஆனால் உபந்யாஸங்களில் விரைந்து கடந்து செல்லப்படும் சிறு செய்தி ஒன்று அங்கே உண்டு. குழந்தைக்கு ந்யாஸம் செய்வதற்கு முன் அந்தப் பெண்கள் முதலில் தாங்கள் நீரைத் தொட்டு ஆசமனம் செய்து, தங்கள் அங்கங்களையும் கைகளையும் சுத்தி செய்துகொண்டார்கள். சிசுவைத் தொடுமுன் கை கழுவுக என்று இன்று மருத்துவமனைச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் கிரமம் கோகுலத்திலேயே நடந்தது. பிறந்த குழந்தையைப் பார்க்க வரும் உறவினர், பேருந்துக் கம்பியைப் பிடித்த கையோடு அதன் கன்னத்தைக் கிள்ளுவது பாகவத ஸம்மதம் அன்று என்க.

மற்றொன்று, அந்த ரக்ஷையில் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு திருநாமம் காவலாக வைக்கப்படுகிறது. விளையாடும்போது கோவிந்தன், நடக்கும்போது வைகுண்டன், உறங்கும்போது மாதவன். ரக்ஷை முடிந்ததும் யசோதை என்ன செய்தாள்? பால் கொடுத்தாள், பின்பு படுக்க வைத்தாள். மந்திரம் சொல்லியாயிற்று, இனிப் பெருமாள் பாடு என்று அவள் போய்விடவில்லை. திருநாமமும் வேண்டும், தாயின் கையும் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது சோம்பலே ஒழிய பக்தி ஆகாது.

திருவிழாவுக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டிய பாடம் அடுத்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. சகடாஸுர பங்கம் என்று ஓவியங்களிலும் சிற்பங்களிலும் காணப்படும் அந்த வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்று நந்தகோபர் இல்லத்தில் விசேஷம். குழந்தை உடலைப் புரட்டி எழும்பத் தொடங்கியதைக் கொண்டாடும் ‘ஔத்தானிகம்’ என்ற சடங்கும், ஜன்ம நக்ஷத்திரமும் கூடிய நாள். மந்திர கோஷம், வாத்தியம், விருந்தினர், உபசாரம். நீராட்டப்பட்ட குழந்தைக்கு உறக்கம் வந்தது. கூட்டத்தின் நடுவே வேண்டாம் என்று தாய் அதை ஒரு வண்டியின் கீழே நிழலில் கிடத்தினாள். வந்தவர்களை உபசரிக்கும் மும்முரத்தில், பாலுக்கு அழுத குழந்தையின் குரல் அவள் காதில் விழவில்லை. மேலே வண்டி, வண்டியில் பலவகை ரஸங்கள் நிறைந்த பாத்திரங்கள். குழந்தை காலை உதைத்தது, வண்டி கவிழ்ந்தது, பாத்திரங்கள் உருண்டன. அருகில் இருந்த சிறுவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். சிறுவர் பேச்சு என்று பெரியவர்கள் நம்பவில்லை.

அது பரப்ரஹ்மம், ஆகையால் வண்டிதான் முறிந்தது. நம் வீட்டுக் குழந்தைக்கு அது பொருந்துமா? யசோதை செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. அன்புள்ள தாய், நல்ல நாள், சுற்றிலும் உறவினர். இருந்தும் ஆபத்து நெருங்கியதற்கு மூன்று காரணங்களைச் சுகர் தம் வாக்காலேயே காட்டிவிடுகிறார். குழந்தை கிடந்த இடம் தாயின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவில்லை. அதன் தலைக்குமேல் பாரம் இருந்தது. புரளத் தொடங்கிய பருவத்தை வீட்டார் கொண்டாடினார்கள், ஆனால் புரளத் தொடங்கிய குழந்தையைக் கிடத்தும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. தேர்த்திருவிழாவில் மண்டபத் தூணிலும் வேப்பமரக் கிளையிலும் தூளி கட்டி, பக்கத்தில் பாத்திரமும் மூட்டையும் அடுக்கி, பெருமாள் புறப்பாட்டைச் ஸேவிக்க ஓடும் குடும்பங்கள் இந்த மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம். குழந்தையோடு ஒருவர் தங்கட்டும்; பத்து வயதுச் சிறுமியை அல்ல, பெரியவர் ஒருவரை. புறப்பாடு மறுநாளும் உண்டு.

குழந்தையின் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆயுர்வேதம் மிக நுணுக்கமாகச் சொல்கிறது. சரக ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானம் எட்டாவது அத்தியாயத்தில் ‘குமாராகாரம்’ என்னும் சிசுக்களின் அறைக்கு லக்ஷணம் கூறப்பட்டிருக்கிறது. வாஸ்து அறிந்தவன் கட்டியதாயும், இருள் அற்றதாயும், பெருங்காற்று நேரே பாயாமல் ஒருபுறமாகக் காற்று வருவதாயும், கடிக்கும் பிராணிகளும் எலியும் விட்டிலும் புகாததாயும் அது இருக்க வேண்டும். படுக்கையும் விரிப்பும் போர்வையும் மெதுவாயும், கனமின்றியும், தூயதாயும் இருக்க வேண்டும். வியர்வை, அழுக்கு, சிறுநீர், மலம் பட்டவற்றை நீக்கிவிட வேண்டும். வேறு இல்லையானால் நன்றாகத் துவைத்து, உலர்த்தி, தூபம் காட்டிப் பயன்படுத்தலாம். கனமில்லாத போர்வை என்று அந்நூல் சொல்லியிருப்பதைப் பாட்டிமார்கள் கவனிக்கட்டும். மாசிப் பனிக்கு அஞ்சிக் கம்பளியின்மேல் கம்பளியாகச் சிசுவை மூடுவதற்குச் சாஸ்திரத்தில் பிரமாணம் இல்லை.

தூபத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சரகர் கடுகு, குங்கிலியம், வசம்பு முதலியவற்றால் தூபம் விதித்தது துணிக்கும் படுக்கைக்கும் போர்வைக்கும்தான். நீராட்டியவுடன் குழந்தையையே புகைமேல் தூக்கிப் பிடிப்பது வழக்கத்தால் வந்தது. சிசுவின் நுரையீரல் மிக மென்மையானது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் விறகடுப்புப் புகையும் அதற்கு ஒன்றே. பீடி, சுருட்டுப் புகையோ இவற்றினும் கொடியது. புகை உள்ள வீடுகளில் உறக்கத்திலேயே சிசுக்கள் மரிப்பது மிகுதி என்று வைத்தியர்கள் ஐயமற நிறுவியிருக்கிறார்கள். கொசுவுக்கு அஞ்சினால் வலை கட்டுக. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. ஆகையால் பகல் உறக்கத்திற்கும் வலை வேண்டும்.

அதே அத்தியாயத்தில் விளையாட்டுப் பொருள்களுக்குச் சொல்லப்படும் லக்ஷணம் வியப்பூட்டுவது. அவை பலவகையாயும், ஓசை எழுப்புவனவாயும், கண்ணுக்கு இனியனவாயும், கனமற்றனவாயும், கூர்முனை இல்லாதனவாயும், வாயினுள் புகாத அளவினவாயும், உயிருக்கு ஊறு செய்யாதனவாயும், அச்சம் தராதனவாயும் இருக்க வேண்டும். வாயினுள் புகாத அளவு என்ற சொல்லைத் திருவிழாக் கடைகளில் கிலுகிலுப்பை வாங்குவோர் நினைவிற் கொள்ளட்டும். அழும் குழந்தையை அடக்குவதற்காக ராக்ஷஸன், பிசாசு, பூதனை என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தலாகாது என்பதும் அங்கே உள்ளது. ஸுச்ருதரோ, உறங்கும் குழந்தையைத் திடீரென்று எழுப்பாதே, அதட்டாதே, சடக்கென்று தூக்காதே என்கிறார். பூச்சாண்டி என்ற ஒரு சொல்லால் இரவைக் கழிக்கும் வீடுகளில் இந்த ருஷிகளின் வாக்கு யாருக்கும் எட்டவில்லை போலும்.

இனி இக்கால வைத்தியம் சொல்வதையும் பார்க்க வேண்டும். ரிஷிகள் சொன்னதற்குமேல் அது தெளிவாகச் சேர்த்திருப்பது ஒன்று: சிசுவை மல்லாந்து கிடத்துக என்பது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டில் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூல்கள் சில, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்குமாறு போதித்தன. வாந்தி எடுத்தால் புரையேறாது என்பது அவற்றின் எண்ணம். அந்தப் போதனையைப் பின்பற்றிய நாடுகளில், மாலையில் சிரித்த குழந்தை காலையில் உயிரற்றுக் கிடந்த துயரம் ஆயிரக்கணக்கான வீடுகளில் நிகழ்ந்தது. பின்னர் ஆராய்ந்து, 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் அமெரிக்காவிலும், மல்லாந்து கிடத்துமாறு பெரும் பிரசாரம் செய்தார்கள். அவ்வகை மரணங்கள் பாதிக்குமேல் குறைந்தன. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. கிடத்தும் விதத்தை மாற்றியதால் மட்டும் கிடைத்த பலன் அது. குப்புறக் கிடக்கும் குழந்தை தான் விட்ட மூச்சையே மீண்டும் இழுக்க நேர்கிறது. மூக்கு விரிப்பில் புதைந்தால் தலையைத் திருப்ப அதற்குப் பலம் போதாது. மல்லாந்து கிடந்தால் புரையேறுமோ என்ற அச்சம் வேண்டாம். ஆரோக்கியமான சிசு கக்கினாலும் விழுங்கியோ இருமியோ தன்னைக் காத்துக்கொள்ளும். பால் கொடுத்தபின் தோளில் சாத்தி ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவிப் பிறகு கிடத்துவது நம் தாய்மார்களின் பழைய வழக்கம். அது நல்ல வழக்கம். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் எதிரே இருக்க, சற்றுநேரம் குப்புற விடலாம். கழுத்துக்கு அது பலம் தரும்.

வடபத்ரசாயியின் திருவுருவைச் சித்திரங்களில் ஸேவிப்போர் அறிவர்: ஆலிலைமேல் சிசு மல்லாந்து கிடக்கிறது, தலையணை இல்லை, போர்வை இல்லை, பக்கத்தில் திண்டு இல்லை. பிரளயத்திலும் அந்த உறக்கம் கலையவில்லை. சித்திரக்காரர் வைத்திய சாஸ்திரம் நினைத்து எழுதவில்லை. ஆயினும் இன்றைய வைத்தியர் விரும்பும் படுக்கை அதுவே. தட்டையாக, சற்று உறுதியாக, விரிப்பு சுருக்கமின்றி, வேறொன்றும் அருகில் இல்லாமல் இருக்க வேண்டும். தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்பதும், விழாமல் இருக்க இருபுறமும் மெத்தென்ற தலையணை அடுக்குவதும் மூக்கை அடைக்கும் ஏதுக்கள். விழுமோ என்ற அச்சமிருந்தால் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் விரிப்பதே மேல். பாயிலிருந்து விழுந்த குழந்தை உலகில் இல்லை.

தூளியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் தூளி ஆடாத வீடு அரிது. மண்தரையும் ஓலைக் கூரையும் இருந்த காலத்தில் எறும்பு, தேள், பாம்பு இவற்றுக்கு எட்டாத உயரத்தில் குழந்தையை வைத்தது தூளி. காற்று நன்றாகப் படும். தாயின் பழைய புடவையாதலால் அவள் மணம் அதில் இருக்கும், குழந்தை அடங்கும். கழனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு மரக்கிளையே தூணாயிற்று. இத்தனை குணம் உள்ள ஒன்றை மூடப்பழக்கம் என்று தள்ளுவோர் அறியாதவர்.

ஆனால் குணத்தோடு தோஷமும் உண்டு. தூளியில் சிசுவின் முதுகு வில்லாக வளைகிறது. முகவாய் மார்பில் அழுந்துகிறது. மிக இளம் குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்ததற்கும் இதனால் மூச்சுக்குழல் நெருக்கப்படலாம். புடவையின் இருபுறமும் கூடி முகத்தை மூடிக்கொண்டால் உள்ளே வெப்பம் மிகும். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. ஆகையால் துணி விரிந்து நிற்கக் குறுக்கே மரக்கட்டை வைப்பது அவசியம். குழந்தை தூளியில் உறங்கிய பின் தட்டையான பாயில் மாற்றிக் கிடத்துவதே இரவுக்கு உரிய முறை. விடியும்வரை தூளியிலேயே விடலாகாது. தாங்கும் கொக்கியையும் கயிற்றையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து உயரம் குறைவாக இருக்கட்டும். கீழே கல்லோ, அம்மியோ, விளக்கோ இருத்தலாகாது. குழந்தை புரளத் தொடங்கியதும், அதாவது ஔத்தானிகப் பருவம் வந்ததும், பெரும்பாலும் நாலாம் மாதத்தை ஒட்டி, இறுகத் துணி சுற்றிக் கிடத்துவதையும் நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்டு குப்புற விழுந்த சிசு நிமிர இயலாது.

இன்னொரு ஆபத்து, தூளியில் கிடக்கும் சிசுவுக்கு அன்று. அதைச் சுற்றி விளையாடும் மூத்த குழந்தைக்கு. வெறும் தூளியை ஊஞ்சலாக்கி முறுக்கிச் சுழலும்போது துணி கழுத்தில் சுற்றிச் சிறுவர் மாண்ட செய்திகள் தமிழகத்தில் பலமுறை வந்திருக்கின்றன. சிசு இறங்கியவுடன் தூளியையும் அவிழ்த்து, அல்லது சுருட்டி எட்டாத உயரத்தில் முடிந்து வைத்துவிட வேண்டும். கழுத்தில் தாயத்துக் கயிறு, கருமணி மாலை இவற்றோடு உறங்கவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. காப்புக் கட்டுவதை ஸம்ஹிதைகளே ஒப்புகின்றன. கழுத்திலேயே கட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. இடுப்பு அரைஞாணில் கட்டலாம். வசம்பு வளையம் அறுந்தால் அதன் மணி நேரே வாய்க்குப் போகும் என்பதை மறக்கலாகாது.

தாய் அருகில் உறங்கலாமா என்ற கேள்வி வரும். அதே அறையில், கைக்கு எட்டும் தூரத்தில், குழந்தைக்குத் தனிப்பாயாக இருப்பதே சிறந்தது என்பது வைத்தியர் முடிபு. இரவில் பாலுக்கு எழுவதும் எளிது. படுத்தபடி பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்து விடுவதுதான் அஞ்ச வேண்டிய இடம். களைத்த தாய்க்கு அது இயல்பாக நேர்வது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. உடனிருப்போர் விழித்திருந்து குழந்தையை வாங்கிக் கிடத்த வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி இரவுமுறைக்குப் போகும் வீடுகளிலும், நாமக்கல் பக்கம் லாரியோடு வடநாடு சென்ற கணவன் வாரக்கணக்கில் திரும்பாத வீடுகளிலும் தாய் தனித்தே இரவைக் கழிக்கிறாள். அங்கே மாமியாரோ நாத்தனாரோ ஒருமணிநேரம் விழித்திருப்பது பெரிய கைங்கர்யம். குடித்துவிட்டு வந்தவன் குழந்தையின் பக்கத்தில் படுப்பதை மட்டும் எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தச் சமவெளியின் உஷ்ணம் சொல்ல வேண்டாதது. நாமக்கல் மலை ஒரே பாறை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது இரவில் மெல்ல வெளியிடுகிறது. அடிவாரத்தில் படுப்போர் நள்ளிரவிலும் அந்த வெம்மையை உணர்வர். அவ்விரவுகளில் சிசுவுக்குத் தொப்பியும் காலுறையும் வேண்டாம். கையும் காலும் குளிர்ந்திருப்பதைக் கண்டு போர்த்தலாகாது. பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு மிகுதி என்று பொருள். ஆறுமாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாகத்திற்குத் தாய்ப்பாலே போதும். வெயில் என்று தண்ணீர் புகட்ட வேண்டியதில்லை.

நாமகிரித் தாயாரின் ஸன்னிதிக்கு வருவோர் கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் பெயரை நினைக்காமல் போவதில்லை. தாயாரிடம் நெடுநாள் வேண்டிப் பெற்ற பிள்ளை என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1887இல் ஈரோட்டில் பிறந்தார். ஆனால் அவருக்கு அடுத்தடுத்து அன்னை கோமளத்தம்மாள் ஈன்ற மூன்று மக்கள் ஒரு வயது நிரம்புமுன்னே மறைந்தனர் என்ற செய்தியைப் பலர் அறியார். ராமானுஜனும் இரண்டாம் வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவரே. அக்காலத்தில் அந்த வீட்டுக்கு நேர்ந்தது தனித்துன்பம் அன்று. தெருவுக்குத் தெரு அப்படித்தான். 1971இலும்கூட நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதலாண்டைக் கடக்கவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது நாடு முழுவதற்கும் 28 ஆகவும், தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்திருக்கிறது. தடுப்பூசியும், மருத்துவமனைப் பிரசவமும், தூய நீரும், எழுத்தறிந்த தாய்மாரும் செய்த தொண்டு அது. ஆயினும் பதின்மூன்று என்பது எண் அன்று, பதின்மூன்று வெறுந்தொட்டில்.

தொட்டில் என்ற சொல்லுக்குச் சேலம் ஜில்லாவில் வேறொரு பொருளும் ஏற்பட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் சிசுவைப் பிறந்த வீட்டிலேயே உயிர்நீக்கும் கொடுமை இப்பக்கங்களில் நிகழ்ந்தது. அதைத் தடுக்க 1992இல் அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். நாமக்கல் அன்று சேலத்தோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1997இல்தான். வளர்க்க இயலாதவர்கள் கொல்ல வேண்டாம், அரசு வைத்த தொட்டிலில் இட்டுச் செல்லட்டும் என்பது ஏற்பாடு. பின்னர் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண் மகவைக் கைவிடுவதற்கு இது வழிகாட்டுகிறது என்று குறைகூறியவர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இருளில் ஓர் உயிர் போவதைவிடத் தொட்டிலில் ஓர் உயிர் அழுவது எவ்வளவோ மேல்.

வைணவர்களுக்கு இதில் தயக்கம் இருக்க நியாயமே இல்லை. கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய அதே பெரியாழ்வார்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசியின் அடியில் கிடந்த பெண் சிசுவை எடுத்து வளர்த்தார். பெற்றவர் யார் என்று கேட்கவில்லை. ஆண் இல்லையே என்று வருந்தவில்லை. ஆண்டாள் கிடைத்தாள். ஜனகருக்கும் உழுபடைச் சாலில் கிடைத்த பெண்தான் பிராட்டி. மலையைக் குடைந்த குகையில் எழுந்தருளியிருக்கும் நரஸிம்ஹனோ, பெற்ற தகப்பனாலேயே சொந்த வீட்டில் ஆபத்துக்கு உள்ளான ஒரு குழந்தைக்காகத் தூணைப் பிளந்து வந்தவன். வந்த வேளையும் அந்திவேளை. அவன் ஸன்னிதியில் நின்று ஆண் மகவு மட்டும் வேண்டுவோர் ஒருகணம் சிந்திக்கட்டும்.

இன்று வளர்க்க இயலாத நிலையில் உள்ள பெற்றோர் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசமும் உண்டு. கேட்பாரற்ற சிசுவைக் கண்டாலும், ஆபத்தில் உள்ளதாக அறிந்தாலும் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும்; கட்டணம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தனித்துக் கிடக்கும் குழந்தைக்கும் இதே எண்தான்.

தேரன்று இரவு மண்டபத்தில் தங்குவோருக்குச் சில வார்த்தைகள். எண்ணெய் விளக்கையும் கற்பூரத் தட்டையும் தூளிக்கு அருகில் வைக்க வேண்டாம். பலர் நடக்கும் வழியில் சிசுவைத் தரையில் கிடத்தாமல் சுவரோரமாகக் கிடத்தி, தாயோ பாட்டியோ வெளிப்புறம் படுக்க வேண்டும். வேட்டு, நாகஸ்வரம், தவில் ஒலிக்கும் இடத்திற்கும் குழந்தைக்கும் இடையே நல்ல தூரம் இருக்கட்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசு நிமிடத்திற்கு 60 முறையோ அதற்குமேலோ மூச்சுவிட்டாலும், விலாவின் அடிப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், உடல் மிகச் சூடாகவோ மிகக் குளிர்ந்தோ இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 108க்குச் சொல்லுக, திருநீற்றையோ தீர்த்தத்தையோ நம்பி அந்த ஒருமணியை இழக்க வேண்டாம். தீர்த்தம் வண்டியில் போகும்போதும் தெளிக்கலாம்.

ஸேவை முடித்து இரவோடிரவாக வேனிலும் பேருந்திலும் ஊர் திரும்புவோர், காற்றுக்கு அஞ்சி முந்தானையால் குழந்தையின் முகத்தை முழுதும் மூடிவிடுகிறார்கள். மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும். ராசிபுரத்தில் நின்றாலும் திருச்செங்கோட்டில் நின்றாலும் விளக்கைப் போட்டு ஒருமுறை முகத்தைப் பார்க்க வேண்டும். வீடு சேர்ந்தபின், மடியில் மடங்கி உறங்கும் குழந்தையை அப்படியே திண்டில் சாய்த்துவிட்டுத் தாமும் உறங்கிவிடாமல், பாயை விரித்து மல்லாந்து கிடத்தி, மாதவன் திருநாமத்தைச் சொல்லிப் பின் விளக்கை அணைக்கலாம்.